பெறுநர் ஆற்றில் நிற்கவும்

பல்லூடகத் தொடர்பு வரையறை மற்றும் வகைப்பாட்டு ஆணையத்தின் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஓர் அம்புக்குறி. ஆள் உயரம் இருக்கும். ‘விசாரணை இந்தப் பக்கம்’ என்று கொட்டை எழுத்தில் சொல்லிவிட்டு அது நேராக ஒரு சுவரைக் காட்டும். முன்பு அங்கே கதவு இருந்ததாம். கதவை அடைத்துச் சுவர் எழுப்பியது கட்டடப் பிரிவு. அம்புக்குறியோ காட்சிப் பிரிவின் சொத்து. ஒரு பிரிவின் சொத்தில் இன்னொரு பிரிவு கை வைக்கக் கூடாது. ஆகவே ஏழு வருடமாக அம்புக்குறி சுவரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்களும் சுவர்வரை போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மெக்கானிக்கும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அணையின் மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கும் மோட்டார்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு கதவுகூட அவர் கையில் பாதியில் நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் சட்டைப்பையில் ஒரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

அவர் செய்த குற்றம் இதுதான். அணையில் ஒரு சைரன் உண்டு. கதவு திறக்கப் பத்து நிமிடம் முன்னால் அலறும். கீழே ஆற்றுப்படுகையில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள். முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் பாறைத்துறையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெக்கானிக்கின் தங்கை. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்து இழுப்பதுதான் அவளுக்குச் சைரன். போன வருடம் ஒரு நாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவள் தனியாக வந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். சைரன் அலறியது. அவள் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்து இடுப்பைப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கரையோர மரத்தின் வேர் ஒன்று கையில் சிக்கியதால் உயிரோடு இருக்கிறாள். கதவைத் திறந்தது அண்ணன் கை. அந்தக் கையால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கம்பம் நட்டார். அதன் உச்சியில் சுழலும் சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டி, சைரன் சுவிட்சோடு இணைத்தார். சுவிட்சைப் போட்டால் சைரன் கத்தும், விளக்கும் சுற்றும். முதல் நாளே தங்கை கீழேயிருந்து விளக்கைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த வெள்ளை விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை வீசிவிட்டுக் கரையேறினாள். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அன்றிலிருந்து விரிப்பு உயர்ந்த பிறகுதான் மெக்கானிக் கதவைத் தொடுவார். எட்டு மாதம் இப்படி ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஒரு காரியம் குறையில்லாமல் நடந்தால் ஆணையம் சும்மா இருக்குமா?

சுற்றறிக்கை வந்தது. ‘ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புலன்களுக்குச் செய்தி சொல்லும் எப்பொருளும் பல்லூடகத் தொடர்பு எனப்படும். வகைப்படுத்தப்படாத பல்லூடகத் தொடர்பு எங்கும் நிகழலாகாது.’ பின்னாலேயே முத்திரைக்காரர் ஒருவர் வந்தார். சைரனும் விளக்கும் இருந்த சுவிட்சுப் பெட்டியை மூடி, கம்பி சுற்றி, ஈய முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார்.

அணையின் இன்ஜினியருக்கு அரசு முத்திரையைக் கண்டாலே பயம். “நீதானேய்யா விளக்கு மாட்டினே? நீயே போய் வகை வாங்கிட்டு வா” என்றார்.

“விளக்கை வேணா கழட்டிடறேன் சார். சைரனையாவது விடச் சொல்லுங்க. எல்லார் உசுரும் இருக்கு.”

“கழட்டினா சாட்சியத்தை அழிச்சதா ஆயிடுமாம். அந்தாளு சொல்லிட்டுத்தான் போனான்.”

ஆக, முன்பு தங்கை ஒருத்திக்கு மட்டும் கேட்காத சைரன் இப்போது ஊருக்கே கேட்காமல் போயிற்று. கதவு திறக்கிற நாளெல்லாம் மெக்கானிக் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார். ஒவ்வொருவரையும் கரையேற்றிவிட்டு, மேட்டில் மூச்சிரைக்க மிதித்து வந்து, கதவைத் திறந்தார். அதற்குள் வேறு யாராவது இறங்கிவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அவருக்கு உள்ளங்கை வியர்த்தது.

இந்த வியர்வையோடுதான் ஆணையத்தின் வாசலில் வந்து நின்றார். சுவரில் முட்டித் திரும்பியவரைப் பார்த்து ஒரு குமாஸ்தா, “என்ன கொண்டுவந்திருக்கீங்க? சத்தமா, வெளிச்சமா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தாங்க.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ரெண்டும்னு ஒரு மேசை இங்க கிடையாதே. ஒலிப் பிரிவு மூணாவது மாடி. காட்சிப் பிரிவு முதல் மாடி. எது முதல்ல போகுதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. ஆனா தப்பா முடிவு பண்ணிட்டா விண்ணப்பம் செல்லாது.”

“எது சரின்னு எப்படிங்க தெரியும்?”

“செல்லாமப் போனாத் தெரியும்.”

மெக்கானிக் மூன்றாவது மாடிக்கு ஏறினார். ஒலிப் பிரிவு அதிகாரியின் மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் பயனில்லை, பேச்சு கேட்காது என்றார். மெக்கானிக்குக் கை துறுதுறுத்தது. “ஒயர் விட்டிருக்குங்க. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்.”

“வேணாம், வேணாம். மணி அடிக்குதில்ல? அது ஒலி. அதோட எங்க வரம்பு முடிஞ்சுது. பேச்சுங்கறது தனிப் பிரிவு. அதை இன்னும் ஆரம்பிக்கல.” விண்ணப்பத்தைப் புரட்டினார். “சைரன் ஓகே. விளக்குன்னு ஏதோ எழுதியிருக்கே, எனக்கு அது கண்ணுலயே படக் கூடாது. கீழ போய்க் கேளுங்க.”

கீழே காட்சிப் பிரிவு இருட்டாக இருந்தது. பல்பு போய் ஐந்து மாதமாம். பல்பு எரியவில்லை என்ற செய்தி காட்சியா, காட்சியின்மையா என்று தீர்மானமாகாததால் மாற்றவில்லை. அதிகாரி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டிருந்தார். வெயில் நகர நகர நாற்காலியையும் கோப்புகளையும் நகர்த்திக்கொண்டு போனார். மெக்கானிக்கின் விண்ணப்பம் வந்தபோது வெயில் சுவரோரம் போய்விட்டிருந்தது.

“நாளைக்கு வாங்க” என்றார் அதிகாரி. “காலையில வந்தா மேசைகிட்ட வெயில் இருக்கும்.”

நாளை என்பது நாற்பது நாளானது. இரண்டு பிரிவுகளும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. கடிதம்தான் எழுதிக்கொள்வார்கள். மூன்றாம் மாடிக் கடிதம் தபால் நிலையம் போய், முத்திரை வாங்கி, முதல் மாடிக்கு வரும். சைரன் முதன்மை ஊடகமா, விளக்கு முதன்மை ஊடகமா என்று பதினோரு கடிதங்கள் நடந்தன. பன்னிரண்டாவது கடிதத்தில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். முடிவெடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை.

கடைசியில் மெக்கானிக்கைத் தலைவரிடம் அனுப்பினார்கள். தலைவர் பேசுகிறவர். ஆள் அகப்பட்டால் விடமாட்டார்.

“உட்காருப்பா. இந்த ஆணையம் ஏன் வந்துச்சு தெரியுமா? முன்னாடியெல்லாம் ஜனங்க சும்மா பேசிக்கிட்டு இருந்தாங்க. கையை ஆட்டினாங்க, கூப்பிட்டாங்க, படம் வரைஞ்சாங்க. எது எந்த வகைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுது! யோசிச்சுப் பாரு, எவ்வளவு பெரிய குழப்பம்! நாங்க வந்த பிறகுதான் புரியறது குறைஞ்சு ஒரு ஒழுங்கு வந்திருக்கு.”

“ஐயா, என் தங்கச்சிக்குக் காது கேக்காது. கதவு திறக்கறப்போ அந்த விளக்கு ஒண்ணுதான்...”

“அதெல்லாம் பயன்பாடு. நாங்க பயன்பாட்டுக்குள்ள போறதில்ல. அப்படிப் போனா நடுநிலை கெட்டுடும்.” தலைவர் கண்ணை மூடி யோசித்தார். “நேரடி ஆய்வு வெச்சுடலாம். அனுப்புநர், ஊடகம், செய்தி, பெறுநர், நாலும் ஒரே இடத்துல இருந்தாத்தான் தொடர்பு. இல்லேன்னா அது வெறும் சத்தம். பெறுநர் இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

மெக்கானிக்குச் சந்தோஷம். கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பினார். பாவம், நாற்பது நாள் அலைந்தும் அவருக்குப் புத்தி வரவில்லை.

ஆய்வு நாளில் தலைவரும் ஒலி அதிகாரியும் காட்சி அதிகாரியும் இரண்டு உறுப்பினர்களுமாக ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அணையின் மேல் தேநீர் குடித்தார்கள். கம்பத்தை அளந்தார்கள். சைரனைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் திட்டத்தைச் சொன்னார். “அனுப்புநர் நீ. இங்கேயே இரு. நாங்க பெறுநர். கீழ ஆத்துல போய் நிக்கறோம். செய்தின்னா தண்ணி வருதுங்கறது. அது உண்மையான்னு சரிபார்க்கணும்ல? சரியாப் பத்து மணிக்குக் கதவைத் திற.”

“அப்ப முத்திரையைப் பிரிச்சுக் குடுங்கய்யா. சைரனும் விளக்கும் போட்டாத்தானே...”

“என்னப்பா நீ! வகைப்படுத்தாததை எப்படிப் போடுவே? அதை வகைப்படுத்தத்தானே ஆய்வு. ஆய்வு முடியற வரைக்கும் முத்திரையில கை வெக்கக் கூடாது.”

“ஐயா, அறிவிப்பு இல்லாம ஆத்துக்குள்ள நின்னா தண்ணி அடிச்சுட்டுப் போயிடும்யா!”

தலைவர் மற்றவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். “பார்த்தீங்களா? செய்தியையும் ஊடகத்தையும் போட்டுக் குழப்பிக்கறான். படிக்காதவங்ககிட்ட இதான் தொல்லை.”

மெக்கானிக் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் செருப்பைப் பார்த்தார். “எழுத்துல உத்தரவு குடுத்திருக்காங்கய்யா. திறக்கலேன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். கொஞ்சமாத் திற” என்று முணுமுணுத்தார்.

மெக்கானிக் வழக்கம்போலச் சைக்கிளில் போய்த் துறையிலிருந்த பெண்களைக் கரையேற்றினார். தங்கையிடம் கைகளால் சொன்னார்: தண்ணீர், பத்து மணி, அவர்கள். அவள் ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டை எட்டிப் பார்த்தாள். ஐந்து பேர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். இவர்களுக்குப் பைத்தியமா என்று அவள் கையால் கேட்டாள். இல்லை, அதிகாரிகள் என்று பதில் சொல்ல அவரிடம் சைகை இருந்தது. ஆனால் அது அவளுக்கு எதையும் விளக்கவில்லை.

பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினார். அரை அடிதான். அதற்கே மதகு வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, அவரால் தாங்க முடியவில்லை. மூடுகிற பொத்தானை அழுத்தினார். கதவு இறங்கப் பல நிமிடம் ஆகும். போன தண்ணீர் போனதுதான்.

மேலிருந்து பார்த்தார். ஐந்து பேரும் அசையவில்லை. தலைவர் அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உரையாற்றிக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் அந்த உரையைக் குறித்துக்கொள்ளத் தலையைக் குனிந்திருந்தார்கள். தண்ணீர் பாறைகளைச் சுற்றிக்கொண்டு அவர்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கரையிலிருந்து ஓர் உருவம் குதித்து ஆற்றுக்குள் ஓடியது. ஒரு கையில் வெள்ளை விரிப்பு, மறுகையில் வாளி. அது யாரென்று மெக்கானிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“ஐயோ, நீ ஏன்டி போறே!” என்று அலறினார். அவளுக்குக் கேட்காது என்பது மறந்தேபோயிற்று. இடுப்பிலிருந்த குறட்டை உருவி முத்திரைக் கம்பியை வெட்டினார். ஈயம் தரையில் விழுந்தது. இன்ஜினியர் குனிந்து அதைப் பொறுக்கினார். சைரன் ஐம்பது நாள் மௌனத்தையும் சேர்த்து அலறியது. விளக்கு சுற்றியது.

கீழே நடந்ததைத் துவைக்கிற பெண்கள் பிறகு சொன்னார்கள். சைரன் கேட்டதும் ஒலி அதிகாரி ஓடத்தான் காலை எடுத்தாராம். தலைவர் கையை உயர்த்தி, “யாரும் கேக்காதீங்க! இது சான்று பெறாத ஒலி!” என்று தடுத்துவிட்டாராம். உடனே ஒலி அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். காட்சி அதிகாரி விளக்கைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் தங்கை வந்துவிட்டாள். ஒரு தகர வாளியைக் கல்லால் அடித்தாள், விரிப்பை அவர்கள் முகத்துக்கு நேரே வீசினாள், தண்ணீரைக் காட்டினாள். உறுப்பினர் ஒருவர் ஆவலாக, “இதைப் பாருங்க சார், தகரம் ஒலி, துணி காட்சி. ரெண்டையும் ஒருத்தியே பண்றா! நேர்த்தியான எடுத்துக்காட்டு!” என்று எழுத ஆரம்பித்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தங்கை யோசிக்கவில்லை. விரிப்பைத் தலைவரின் கழுத்தில் போட்டு முறுக்கி, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். தலைவர் போகிற பக்கம் போய்ப் பழகிய மற்ற நான்கு பேரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். பெண்கள் அவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அடுத்த நிமிடம் மணல்திட்டு இருந்த இடம் தெரியவில்லை.

மெக்கானிக் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். தங்கை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்கள். தலைவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, “முத்திரையை உடைச்சது யாரு?” என்று கேட்டார். உயிர் பிழைத்த வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

பதினைந்து நாள் கழித்து ஆணையத்தில் விசாரணை. அண்ணனும் தங்கையும் சுவரில் முட்டாமல் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அளவுக்கு வழி பழகியிருந்தது. தலைவர் தீர்ப்பை வாசித்தார்.

“சம்பவ நாளில் சைரனும் விளக்கும் சான்று பெறாதவை. எனவே உறுப்பினர்கள் அவற்றைப் பெறவில்லை. பெறாத அறிவிப்பு யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆகவே அந்தக் கருவியால் பயன் இல்லை என்பது நிரூபணமாகிறது. அது தொடர்ந்து முத்திரையில் இருக்கும். முத்திரையை உடைத்தது எந்த வகைச் செயல் என்பது தனியே விசாரிக்கப்படும்.” பக்கத்தைத் திருப்பினார். “அதே வேளையில், இந்தப் பெண்மணி தகரம், துணி, தொடுகை ஆகிய மூன்று ஊடகங்களை ஒரே செய்திக்குப் பயன்படுத்தியதை ஐந்து உறுப்பினர்களும் நேரில் பெற்றிருக்கிறோம். ஆணையத்தின் வரலாற்றிலேயே முழுமையாக வகைப்படுத்தப்பட்ட முதல் பல்லூடகத் தொடர்பு இதுதான்.” இந்த இடத்தில் உறுப்பினர்கள் கைதட்டினார்கள். “நடமாடும் வகை, முதல் தரம். இனி கதவு திறக்கும்போதெல்லாம் ஆற்றில் நின்று எல்லாரையும் இவர் எச்சரிப்பார். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.”

மெக்கானிக் எழுந்துவிட்டார். “ஐயா, கதவு திறக்கப்போகுதுன்னு அவளுக்கு யாருய்யா சொல்றது? அவளுக்காகத்தானே விளக்கே மாட்டினேன்!”

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். “அவங்க இப்ப ஊடகம்ப்பா. ஊடகம் எப்படிப் பெறுநர் ஆகும்? அவங்களுக்குச் சொல்லணும்கற அவசியமே இனிமே இல்ல.”

அட்டையைத் தங்கையின் கழுத்தில் மாட்டினார்கள். என்ன சொன்னார்கள் என்று அவள் கையால் கேட்டாள். அண்ணன் அவளை வெளியே கூட்டிவந்தார். பேருந்தில் போகும்போது ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அவள் அட்டையைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த தன் புகைப்படத்தை மட்டும் உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மீதியை ஜன்னல் வழியே விட்டுவிட்டாள்.

மறுவாரமே முத்திரைக்காரர் அதிகாலையில் அணைக்கு வந்தார். வெட்டிய கம்பிக்குப் பதிலாகப் புதிதாக மூன்று சுற்றுச் சுற்றினார். முறுக்க வரவில்லை. “ஒரு குறடு இருந்தாக் குடுங்களேன்” என்றார். மெக்கானிக் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முத்திரைக்காரர் இறுக்கி முறுக்கி, ஈயத்தைக் குத்தி, குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல குறடு. என்னமா முறுக்குது!”

“வெட்டவும் வெட்டுங்க.”

முத்திரைக்காரரின் முகம் மாறியது. “ரெண்டு வேலையா? அப்ப இது எந்த வகைன்னு எழுதறது?” குறட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சுவிட்சுப் பெட்டியின் மேலேயே அதை விரித்துவைத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார். நீளம், அகலம், நிறம்.

மணி ஆறு. கதவு திறக்கிற நாள். கீழே துறையில் மற்றவர்கள் இன்னும் வரவில்லை. ஒருத்தி மட்டும் தனியாக நின்று துவைத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் குனிந்தார். முத்திரைக்காரரின் மூக்குக்குக் கீழே, எழுதுகிற கைக்கு நாலு விரல் தள்ளி, கம்பியின் மூன்று சுற்றையும் வெட்டினார். சுவிட்சைப் போட்டார். தலைக்கு மேலே சைரன் அலறியது, சிவப்பு விளக்கு சுற்றத் தொடங்கியது. முத்திரைக்காரர் நிமிரவில்லை. இடதுகையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வலதுகையால் எழுதிக்கொண்டேயிருந்தார்.

மெக்கானிக் கதவைத் தொடாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வெள்ளை விரிப்பு உயர்ந்தது.